மச்சான் விடவில்லை

வியாழக்கிழமை காலை இஞ்ஞாசி மைதானத்துக்குப் போனது பலகையைப் பார்ப்பதற்காக அல்ல. ஞாயிற்றுக்கிழமை தொடங்கும் லியோன் நினைவுக் கால்பந்துப் போட்டிக்குத் தரை நனைக்கும் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று விழாக் குழுவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பெரிய பழுது இல்லை. உப்புக் காற்றில் ஒரு வயர் முனை பச்சை பூத்து அற்றுப் போயிருந்தது. அதைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி, கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் மேடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த தகரப் பலகை கண்ணில் பட்டது. எட்டடி அகலம். நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து. பெயின்டர் முப்பிடாதி குந்தி உட்கார்ந்து கடைசி வரியை எழுதி முடித்துக்கொண்டிருந்தான்.

இஞ்ஞாசி முதல் வரியிலிருந்து படித்தார்.

“‘வாளை’ லியோன். 1978–2021. கால்பந்து மாயக்காரன். சென்னை அணியில் வேலையோடு இடம் தேடி வந்தும், நெருங்கிய உறவினர் ஒருவரின் பொறாமையால் ரயில் ஏற முடியாமல் போனவர்.”

“எழுத்துப் பிழை ஏதும் இருக்கா அண்ணாச்சி?” என்றான் முப்பிடாதி. “பிராங்க்ளின் அண்ணாச்சி வாட்ஸப்புல அனுப்புனாவ. அதைப் பாத்துதான் எழுதுதேன்.”

“எழுத்துல ஒண்ணும் இல்ல. அந்த உறவினர் யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

“யாரோ மச்சானாம்லா. நம்மளால போக முடியலன்னு வயித்தெரிச்சல்ல அவரையும் தடுத்துட்டானாம். கேடு கெட்ட பய. ஏன் அண்ணாச்சி, ஆள் இன்னும் இருக்கானா?”

“இருக்கான். மோட்டார் ரிப்பேர் பாக்கான்.”

முப்பிடாதியின் தூரிகை அப்படியே நின்றது. இஞ்ஞாசி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. திரேஸ்புரத்தில் பிறந்து, அதே தெருவில் வீடு கட்டி இருக்கிறவர். மெக்கானிக் வேலையை யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. சங்கு குளிக்கும் வள்ளங்களில் இருந்த கம்ப்ரசர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டித் தானாகக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. அந்தக் கம்ப்ரசரிலிருந்து போகும் காற்றைத்தான் லியோன் கடலுக்கு அடியில் சுவாசித்தான்.

சங்கு குளிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் குளியாள் இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவன் பிடித்திருப்பான். இப்போது கயிற்றுக்குப் பதிலாகக் காற்றுக் குழாய். எதுவானாலும் அதைப் பிடிப்பவன் குளியாளின் மனைவியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை. அப்படிப் பிடிப்பவனுக்கு இரண்டு கட்டுப்பாடுகள். கீழே போனவன் மேலே வரும்வரை இவன் இடத்தை விட்டு நகரக் கூடாது. இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்க்காமல் வள்ளம் ஏறக் கூடாது.

இரண்டாயிரமாவது ஆண்டு இஞ்ஞாசியின் தங்கை ஹில்டாவை லியோன் கட்டினான். அன்றிலிருந்து குழாய் இஞ்ஞாசியின் கைக்கு வந்தது. அதற்கு முன்பே வேறொரு வேலையும் அவர் கையில் இருந்தது. ஊரின் ராயப்பர் கால்பந்து அணியில் லியோன் இடது ஓரத்தில் முன்னால் ஆடினான். இஞ்ஞாசி அதே ஓரத்தில் அவனுக்குப் பின்னால் ஆடினார். லியோன் பந்தை இழந்தால் திரும்பி ஓடி வரமாட்டான். அவன் விட்ட இடத்தையும் தன் இடத்தையும் சேர்த்து இஞ்ஞாசிதான் ஓட வேண்டும்.

லியோனின் திறமை ஊர் கட்டிவிட்ட கதையல்ல. அதை மிகப் பக்கத்திலிருந்து பார்த்தவர் இஞ்ஞாசி. 2001 ஆகஸ்டில் மாதா திருவிழாப் போட்டியின் இறுதி ஆட்டம். லியோன் பந்தின் மேல் காலை வைத்துவிட்டுச் சும்மா நின்றான். எதிரில் வந்த தடுப்பாளனும் நின்றான். மைதானத்தில் சத்தமே இல்லை. லியோன் கோட்டுக்கு வெளியே நின்ற கடலைக்காரரைப் பார்த்து, “சூடா இருக்கா அண்ணாச்சி?” என்றான். தடுப்பாளனின் கண் ஒரு நொடி கடலைக்காரர் பக்கம் போயிற்று. திரும்பி வருவதற்குள் லியோன் அங்கே இல்லை. பிறகு அடித்த பந்து இடது காலின் வெளிப்பக்கத்தில் பட்டு, கம்பத்துக்கு வெளியே போவதுபோலப் போய், கடைசி மூன்றடியில் உள்ளே வளைந்தது. கோல்கீப்பர் அதைத் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. பிடிக்கக் கிடைக்காமல் வழுக்கும் வாளை மீனின் பெயரை அதற்கு முன்பே அவனுக்கு வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லி மைதானமே கத்தியது. இஞ்ஞாசியும் கத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் லியோன் ஓடவே இல்லை. ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் கோட்டோரமாக உட்கார்ந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்தான். கூட்டமும் சிரித்தது. அணி மூன்று கோல் வாங்கியது. அந்த வருடம் ராயப்பர் அணி இருபத்தாறு ஆட்டம் ஆடியது. லியோன் லியோனாக ஆடியது ஏழு. இதை எண்ணி வைத்திருப்பவர் இஞ்ஞாசி ஒருவர்தான். மற்றவர்களுக்கு அந்த ஏழு மட்டுமே நினைவிருக்கிறது.

கடலிலும் அதே கதைதான். ஒரு நாள் எட்டுப் பாகம், அதாவது ஐம்பதடி ஆழத்தில் இறங்கி, மற்றவர்கள் மூன்று முறை இறங்கி எடுக்கும் சங்கை ஒரே முறையில் அள்ளிக்கொண்டு வருவான். இன்னொரு நாள் கீழே போனவன் குழாயை இழுத்தாலும் பதில் இழுப்பு கொடுக்கமாட்டான். மேலே இஞ்ஞாசி குமிழிகளைப் பார்த்தபடி, குழாயைச் சுற்றிய கை மரத்துப் போக உட்கார்ந்திருப்பார். அரை மணி கழித்து அவன் சிரித்துக்கொண்டே மேலே வருவான்.

“ஒரு திருக்கை மச்சான். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

“சங்கு எங்கலே?”

“திருக்கை போவட்டும்னு இருந்தேன். அது போவல.”

வள்ளத்தில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவன் மேல் கோபப்பட யாராலும் முடிந்ததில்லை. அவன் பங்குக் கோபத்தையும் தூக்கிச் சுமக்க இஞ்ஞாசி இருந்தார்.

ஆகஸ்ட் இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் அலுவலக அணியின் பயிற்சியாளர் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொண்டார். “முன்னால இவர் இப்படி ஆடணும்னா பின்னால இவர் இப்படி ஓடணும்” என்று ராயப்பர் அணித் தலைவரிடம் சொன்னார். செப்டம்பர் முதல் வாரம் கடிதம் வந்தது. லியோனுக்கு ஒன்று, இஞ்ஞாசிக்கு ஒன்று. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை தேர்வு. தேறினால் நிரந்தர வேலை. இஞ்ஞாசி இரண்டு பேருக்கும் பதினான்காம் தேதி மாலை ரயிலுக்குச் சீட்டு எடுத்தார்.

பதினான்காம் தேதி மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா. அங்கே ஒரு கால்பந்துப் போட்டி. “காலையில ஒரு ஆட்டம் மச்சான். மத்தியானம் வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு லியோன் வேன் ஏறிப் போனான்.

இஞ்ஞாசி ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். தோளில் தன் பை, கையில் ஹில்டா கட்டிக் கொடுத்த லியோனின் பை, சட்டைப் பையில் இரண்டு சீட்டு. ஏழு மணிக்கு வண்டி பிளாட்பாரத்துக்கு வந்தது. ஏழே முக்காலுக்கு நகரத் தொடங்கியது. ஒரு காலைப் படியில் வைத்தவர் எடுத்துவிட்டார். ஏறு என்று புத்தி சொன்னது. உடம்பு கேட்கவில்லை. கீழே போனவன் மேலே வராமல் நகரக் கூடாது என்று ஒன்றரை வருடமாகப் பழகிய உடம்பு. அது ரயில் நிலையம், கடல் இல்லை. லியோன் தண்ணீருக்கு அடியிலும் இல்லை. அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் கழுத்தில் மாலையோடு நின்றிருந்தான். இவ்வளவும் இஞ்ஞாசிக்குத் தெரிந்தது, கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைக் கடந்த பிறகு.

மறுநாள் மதியம் லியோன் வந்தான். தோளில் ஓர் ஆட்டுக்கிடா. சிறந்த ஆட்டக்காரனுக்கான பரிசு.

“பைனல் ஆடாம போவாதன்னு காலைக் கட்டிக்கிட்டானுவ மச்சான். ரெண்டு கோல். ரெண்டாவது கோலை நீ பாத்திருக்கணும். இந்தா, கிடா ஒனக்குத்தான்.”

“ரயிலு?”

“சென்னை எங்கன போயிரப் போவுது? அடுத்த வருசம் போவோம்.”

அடுத்த வருடம் யாரும் கூப்பிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை கடற்கரையில் வள்ளம் தள்ளும்போது யாரோ கேட்டார்கள், “ஏலே வாளை, சென்னைக்குப் போவலியா?” லியோன் இஞ்ஞாசியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னான்: “மச்சான் விடல.”

எல்லோரும் சிரித்தார்கள். இஞ்ஞாசியும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் அது மனத்தாங்கல். மனத்தாங்கல் என்றால் அன்றைக்கு வள்ளம் இல்லை. ஹில்டா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

மறுநாளும் வள்ளம் இருந்தது, அதற்கு மறுநாளும். பதினெட்டு வருடம் அப்படியே போயிற்று. முதல் வருடத்தோடு லியோன் கண்ணடிப்பதை விட்டுவிட்டான். அதன் பிறகு அந்த வாக்கியம் அப்படியே உண்மையாகிவிட்டது. போட்டி நடக்கும் ஊர்களிலெல்லாம் அதைச் சொன்னான். கேட்டவர்கள் அதற்குக் கையும் காலும் வைத்தார்கள். மச்சான் சீட்டை ஒளித்து வைத்தான். மச்சான் கதவைப் பூட்டினான். மச்சானுக்குக் கடிதம் வரவில்லை, அந்தப் பொறாமை. ஒரு கல்யாணப் பந்தியில் முன்பின் பார்த்திராத பெரியவர் ஒருவர் இஞ்ஞாசியின் முகத்தை உற்றுப் பார்த்து, “நீதானா அது?” என்று கேட்டுவிட்டு இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போனார். ராயப்பர் அணிக்குப் பயிற்சியாளர் தேடியபோது இஞ்ஞாசி தன் பெயரைக் கொடுத்தார். திறமைக்காரனைக் கெடுத்தவனிடம் எப்படி அணியைக் கொடுப்பது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். அதே கூட்டத்தில் லியோனும் உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு பேரும் கடலை விட்ட பிறகு அவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று இஞ்ஞாசி வைத்திருந்தார். என்னென்ன வார்த்தை, எந்த வரிசையில் என்பது வரைக்கும் வைத்திருந்தார். 2019இல் இருவரும் கடலை விட்டார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு வருடம் போயிற்று. 2021இல் ஒரு காலை லியோன் பல் துலக்கிக்கொண்டே மாரடைப்பில் விழுந்து செத்துப் போனான். கணக்குத் தீர்க்காமல் போவதில் அங்கேயும் அவன் அவனாகவே இருந்தான்.

மைதானத்திலிருந்து இஞ்ஞாசி நேராக மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார். விழாக் குழுத் தலைவர் பிராங்க்ளின், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், வலைக் கொட்டகையில் இருந்தார். லியோன் உச்சத்தில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆட்டம் பார்த்தவர்களில் ஒருவர்.

“வாங்கண்ணே. மோட்டார் சரியாயிட்டாம்லா?”

“மோட்டார் ஓடுது. பலகையில கடைசி வரிய எடுத்துரு.”

“பேரு போடலியே அண்ணே.”

“பேரு போடாமலே பெயின்டருக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ஊரே சொல்லுத கதைதான. லியோன் அண்ணனே எங்கிட்ட சொல்லியிருக்காவ.”

“அவன் சொன்னது பொய்.”

“செத்த மனுசன பொய்யன்னு சொல்லாதிய.”

“உசிரோட இருக்கையில சொன்ன பொய்தான் இது. செத்த பெறவு எவன் பொய் சொல்லுதான்?”

பிராங்க்ளின் நாற்காலியை இழுத்துப் போட்டார். இஞ்ஞாசி உட்காரவில்லை.

“கொஞ்சம் யோசிங்கண்ணே. அந்த வரிய எடுத்துட்டா பலகையில என்ன இருக்கு? பெரிய டீம் எதுக்கும் ஆடல. பேப்பர்ல பேரு வரல. இம்புட்டுத் திறமை இருந்தும் ஏன் போவலன்னு வெளியூர்க்காரன் கேப்பாம்லா. அதுக்கு ஒரு பதில் வேணும்.”

“அந்தப் பதிலுக்கு நான்தான் கெடச்சனா?”

“சரி, ஹில்டாக்கா வந்து பொய்னு சொல்லட்டும். நானே நின்னு அழிக்கேன்.”

ஹில்டா இறால் உரிக்கும் கம்பெனியிலிருந்து மூன்று மணிக்கு வந்தாள். இஞ்ஞாசி அவள் வீட்டுக்கு முன்பே வந்து காத்திருந்தார். ஐஸில் ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அப்படியே காப்பி போட்டுக் கொண்டு வந்து வைத்தாள்.

“ஏளா, அந்தப் பலகையில எழுதுனத நீ பாத்தியா?”

“போன்ல அனுப்புனான். பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“நல்லாருக்குன்னு போட்டேன்.”

“ஒனக்கு நடந்தது தெரியும்லா.”

“தெரியாம? அந்தக் கிடாவக் கட்டிப் போட்டதே நான்தான். ராத்திரி பூரா கத்துச்சு.”

“பெறவு ஏன் நல்லாருக்குன்னு போட்ட?”

ஹில்டா தரையில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“அண்ணே, ஒனக்கு ஒரு வரி. எனக்கு இருபது வருசம். மனசு வந்தா கடலுக்குப் போவாரு. இல்லன்னா வெத்தலயப் போட்டுக்கிட்டு கிரவுண்டுல கெடப்பாரு. ரெண்டு பிள்ளையளையும் எறா உரிச்சு வளத்தது நான். ஒம்புருசனுக்கு வேலை கெடச்சுதாமே, ஏன் போவலன்னு கேக்கிறவகிட்ட நான் என்ன சொல்ல? கிடாவுக்குப் போயிட்டாருன்னா? ஒருத்தன் கெடுத்துட்டான்னு சொன்னா அவரு மானமும் நின்னுச்சு, என் மானமும் நின்னுச்சு.”

“என் மானம்?”

“நீ தாங்குவ. நீ எப்பவும் தாங்குவல்லா.”

இஞ்ஞாசி எழுந்தார். காப்பியைத் தொடவில்லை. தங்கை வீட்டிலிருந்து அவர் அப்படி எழுந்து போனது அதுவே முதல் தடவை. அவர் மனைவி விஜிலா விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அவ சொன்னது சரிதான. தாங்கித் தாங்கித்தான் இங்கன வந்து நிக்கிய” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. சுவரின் மேலெல்லாம் ஆட்கள். இஞ்ஞாசி மோட்டார் அறைக்குப் பக்கத்தில் நின்றார். வராமல் இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். அதனால் வந்திருந்தார். பிராங்க்ளின் அரை மணி நேரம் பேசினார். பிறகு ஹில்டாவைக் கூப்பிட்டுத் துணியை விலக்கச் சொன்னார்.

துணி விழுந்தது. கைதட்டல். ஹில்டா திரும்பிப் பலகையைப் பார்த்தாள். போனில் விரல் அகலத்துக்குப் படித்ததை இப்போது எட்டடி அகலத்தில் படித்தாள். பின்னாலிருந்து ஓர் ஆள், “எங்கல அந்த மச்சான்? இன்னைக்கு வந்திருக்கானா?” என்று கத்தினான். நாலைந்து பேர் மோட்டார் அறையைக் காட்டினார்கள். ஊளைச் சத்தம் கிளம்பியது. ஹில்டாவும் அந்தப் பக்கம் பார்த்தாள். இஞ்ஞாசி தலையைக் குனியவில்லை. நகரவும் இல்லை.

அவள் பிராங்க்ளின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

“அந்தக் கடைசி வரி பொய்” என்றாள். “எங்கண்ணன் தடுக்கல. எங்கண்ணனுக்கும் தனியா லெட்டர் வந்துச்சு. ரெண்டு சீட்டும் அவன்தான் எடுத்தான். அவரு காலையில மணப்பாட்டுக்கு ஆடப் போயிட்டாரு. இவன் ரெண்டு பையையும் தூக்கிக்கிட்டு ஸ்டேசன்ல நின்னான். அவரு வருவாரு வருவாருன்னு நின்னு இவனும் வண்டிய விட்டான். அவரு மறுநாள் மத்தியானம் கிடாவோட வந்தாரு. அவ்வளவுதான். இருபத்து மூணு வருசமா எனக்குத் தெரியும். நானும் சொல்லல.”

இதற்காகத்தானே இஞ்ஞாசி இத்தனை வருடம் காத்திருந்தார்.

அப்போது சுவர் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. “வேலைய விட்டுட்டுக் கிடாவோட வந்தாரா?”

ஒருவன் சிரித்தான். இன்னொருவன் சிரித்தான். பிறகு மைதானம் முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்பு. “அதாம்ல வாளை” என்று யாரோ விசிலடித்தான். ஆட்டைத் தோளில் தூக்குவதுபோல் ஒருவன் நடந்து காட்டினான். கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. லியோன் செத்து மூன்று வருடம் கழித்து இன்னொரு கோல் அடித்துவிட்டான்.

“சிரிக்காதிய” என்றாள் ஹில்டா. “அங்க ஒரு மனுசன்…”

பிராங்க்ளின் முகமெல்லாம் மலர்ந்து மைக்கை வாங்கிவிட்டார். “கேட்டியளா? சம்பளம் வேண்டாம், சனம் போதும்னு ரயிலையே விட்டவரு நம்ம லியோன் அண்ணன். இவருதாம்ல கலைஞன்.” நடுவர் விசில் ஊதினார். பந்து உருண்டது.

சிரித்த முகங்களை இஞ்ஞாசி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு முகம்கூட மோட்டார் அறைப் பக்கம் திரும்பவில்லை. அவர் குற்றவாளியாக இருந்தபோதாவது அவரைப் பார்த்தார்கள். ரயிலை விட்டவர்கள் இரண்டு பேர் என்று அவள் சொன்னது எந்தக் காதிலும் விழவில்லை.

வெளியே ரோட்டில் ஹில்டா வேகமாக நடந்துகொண்டிருந்தாள். இஞ்ஞாசி எட்டிப் பிடித்தார்.

“சொல்லிட்டேன். போதுமா?” என்றாள்.

“சிரிச்சானுவ.”

“பாத்தேன். இந்தக் கதையச் சொன்னா ஊரு அவரைக் காறித் துப்பும்னு நெனச்சுதான் இத்தன வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். சிரிக்கானுவ அண்ணே. எம்பிள்ளையளுக்கு ரேசன் அரிசி பொங்குன நாளையும் சேத்து சொல்லியிருந்தா அதுக்கும் கை தட்டியிருப்பானுவ.” அவள் நின்றாள். “எனக்கு அழுகை வரல. கல்ல எடுத்து எறியணும்போல இருக்கு.”

“எனக்கும்தான்.”

வீடு வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்தார்கள்.

திங்கட்கிழமை காலை முப்பிடாதி போனில் கூப்பிட்டான். பிராங்க்ளின் புது வரி அனுப்பியிருக்கிறாராம்: ‘சம்பளத்தைவிட ரசிகர்களே பெரிதென்று ரயிலைத் துறந்த கலைஞன்.’ “எழுதட்டா அண்ணாச்சி? ஒங்களக் கேக்காம எழுத மனசு வரல” என்றான். இஞ்ஞாசி ஹில்டாவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். பிராங்க்ளினும் அங்கே இருந்தார்.

“பேரும் வருசமும் போதும்” என்றாள் ஹில்டா. “மத்தத அழிச்சிரு. மாயக்காரனும் வேண்டாம், கலைஞனும் வேண்டாம். இல்லன்னா எம்புருசன் பேரையே எடுத்துரு. போட்டிக்கு வேற ஆள் பேரு வச்சிக்கோ.”

“ஒண்ணுமே இல்லாம மொட்டையா எப்படிக்கா?”

“மொட்டையா இருக்கட்டும்.”

முப்பிடாதி மண்ணெண்ணெயில் துணியை நனைத்தான். பிராங்க்ளின் இஞ்ஞாசியைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. இஞ்ஞாசி பலகைப் பக்கம் திரும்பினார்.

“‘இடது கால் ஆட்டக்காரர்’னு மட்டும் போடு” என்றார். “அது பொய் இல்ல.”

அப்படியே எழுதினார்கள். அந்த வாரம் முழுவதும் ஊரில் பேச்சு அதுதான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரன், பலகையில் ஒன்றுமே இல்லையே. யார் அழிக்கச் சொன்னது? மச்சான்காரன்தானாம். பக்கத்தில் நின்று அழிக்க வைத்தானாம். செத்த பிறகும் அவனுக்குப் பொறாமை தீரவில்லையாம்.

சனிக்கிழமை துறைமுகத்து டீக்கடையில் வள்ளக்காரன் ஒருவன் அதை இஞ்ஞாசியின் முகத்துக்கு நேராகவே சொன்னான். “செத்த பெறவும் விடலியே அண்ணே நீங்க.”

இருபத்து மூன்று வருடமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு இஞ்ஞாசி தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அன்றைக்கும் தம்ளரை வைத்தார். எழவில்லை.

“உக்காரு.”

“வேலை கெடக்குண்ணே.”

“உக்காருல.”

அவன் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தான். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார்.

“ரெண்டாயிரத்து ஒண்ணு, செப்டம்பர் பதினாலு, வெள்ளிக்கிழமை” என்று ஆரம்பித்தார் இஞ்ஞாசி. “சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஸ்டேசனுக்குப் போறேன்.”

“அதான் தெரியுமேண்ணே, அந்தக் கிடாக் கதை…” அவன் வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காத. கிடா பெறவு வரும். இப்பம் மணி ஆறுதான் ஆவுது. நான் ரெண்டு பையோட நிக்கேன்.”